டயர் மாற்றிய பிறகு வீல் நட்டுகள் கழல மறுக்கின்றன, ஸ்டட் பழுதாகியிருக்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார். காருடனேயே வந்த அலாய் வீல்கள்தாம். டயர் அளவு 185/55 ஆர்16. அண்மையில் திருச்சியில் ஒரு கடையில் நான்கு டயர்களையும் புதிதாக மாற்றினோம். நட்டுகளைக் கழற்றியதும் பூட்டியதும் முழுக்க முழுக்க காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால்தான். வண்டியை இறக்கிய பிறகு கையால் யாரும் சரிபார்க்கவில்லை.

அதன் பிறகு சென்னைக்குச் செல்லும் வழியில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் பின்பக்க இடது டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று காருடன் கொடுத்திருந்த வீல் ஸ்பேனரை மாட்டினால், நான்கு நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. என் கணவர் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றும் பயனில்லை, ஸ்பேனர்தான் வளைந்தது. வயதான என் தாயாரும் காரில் இருந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போவதுபோல் பறக்கும் அந்தச் சாலையின் ஓரத்தில் வெகுநேரம் நின்ற பிறகு, ஒரு லாரி ஓட்டுநர் இரங்கி வண்டியை நிறுத்தி, தம்மிடம் இருந்த இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகித் திருகினார். மூன்று நட்டுகள் வெடிச் சத்தத்துடன் விடுபட்டன. நான்காவது நட்டின் முனைகள் மழுங்கி, மிகுந்த சிரமத்துக்குப் பிறகே கழன்றது.

இத்துடன் இன்னொன்றையும் கவனித்தேன். டயர் மாற்றியதிலிருந்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டீரிங் லேசாக நடுங்குகிறது. முன்பு அப்படி இருந்ததில்லை. ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் திருகாணிக் கம்பிகள்) பழுதாகியிருக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? இந்த நடுக்கத்துக்கும் நட்டு இறுக்கத்துக்கும் தொடர்பு இருக்குமா? மற்ற மூன்று வீல்களின் நட்டுகளும் இதே நிலையில்தான் இருக்கும் என்பதால், அவற்றை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில் (இயந்திரவியல் பொறியாளர்)

உங்கள் காருக்கு ஹோண்டா குறிப்பிடும் இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர், அதாவது ஏறத்தாழ 11 கிலோகிராம் மீட்டர். காருடன் வரும் ஸ்பேனர் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் முனையில் சுமார் 37 கிலோ அழுத்தம் கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். ஒரு மனிதரின் முழு எடையும் ஏறி நின்றபோது ஸ்பேனர் வளைந்ததே தவிர நட்டு அசையவில்லை என்றால், இறுக்கம் குறிப்பிட்ட அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறது என்றுதான் பொருள். கடைகளில் புழங்கும் அரை அங்குல ஏர் கன்கள் பலவும் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக்கூடியவை என்பதால் இது வியப்புக்குரியதல்ல.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் நூலிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் உண்டாகும் இழுவிசைதான் வீலை, அது பொருந்தும் சுழல் பாகமான ஹப்புடன் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாம் கொடுக்கும் திருகுவிசையில் பத்தில் ஒரு பங்கே இந்த இழுவிசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் நட்டின் அடிப்பக்கத்திலும் மரைகளிலும் (திருகு வரிகளிலும்) உராய்வாகவே போய்விடும். அப்படியிருந்தும் 12 மி.மீ. ஸ்டட்டில் 108 நியூட்டன் மீட்டர் இறுக்கம், நட்டு ஒன்றுக்குச் சுமார் நாலரை டன் பிடிப்பைத் தருகிறது. 10.9 என்ற வலிமைத் தரமுள்ள இந்த அளவு ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை ஏழு டன்னுக்குச் சற்று அதிகம். 300 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் கணக்குப்படி பன்னிரண்டு டன் வருகிறது. உராய்வைப் பொறுத்து இந்த எண்கள் மாறும் என்றாலும், எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு எல்லை கடந்து நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பிடிப்பும் நாளடைவில் தளரும். அடுத்த முறை இறுக்கும்போது முறியவும் கூடும்.

நடுக்கத்தைப் பொறுத்தவரை, பிரேக்கை அழுத்தும்போது மட்டும் வருகிறதா, அழுத்தாமல் ஓட்டும்போதும் வருகிறதா என்று பாருங்கள். அழுத்தாதபோதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்தால் வீலின் எடைச் சமநிலையை (பேலன்சிங்) சந்தேகிக்க வேண்டும். பிரேக்கில் மட்டும் வந்தால், ஒரு நட்டு அளவுக்கு மீறியும் இன்னொன்று குறைந்தும் இறுக்கப்பட்டதால் முன்பக்க பிரேக் டிஸ்க் சமதளம் தவறியிருக்கலாம்.

இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச்சை 108க்கு வைத்து, இப்போதிருக்கும் நட்டுகளின் மேல் மாட்டிச் சோதிப்பதில் பயனில்லை. அது உடனே ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். இறுக்கம் 108க்குக் குறைவாக இல்லை என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். எல்லா நட்டுகளையும் முழுமையாகக் கழற்றி, மரைகளைப் பார்த்து, மீண்டும் முறையாகப் பூட்டுவதே வழி. கழற்றும்போது வண்டி தரையில் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் வையுங்கள். 19 மி.மீ. அளவுள்ள, ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை கொண்டது மழுங்கிய நட்டை மேலும் கெடுத்துவிடும். இரண்டடி நீளக் கைப்பிடி இருந்தால் பாதி முயற்சி மிச்சம். டார்க் ரெஞ்ச்சைக் கொண்டு ஒருபோதும் கழற்றாதீர்கள், அதன் அளவீடு கெட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. பிரேக்கை அழுத்தும்போது மட்டுமே நடுக்கம் வருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில்கூட பிரேக் போடாதபோது ஸ்டீரிங் அமைதியாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டருகே உள்ள மெக்கானிக் நீங்கள் சொன்னபடி எல்லா நட்டுகளையும் கழற்றினார். முன்பக்க வலது வீலில் இரண்டு நட்டுகள் மிகக் கடினமாகவும், மற்ற இரண்டு ஓரளவு எளிதாகவும் கழன்றன. பின்பக்க இடது வீலில் மழுங்கிய நட்டு இருந்த ஸ்டட்டில் புதிய நட்டைக் கையால் திருகினால், பாதி வரை தடையின்றிப் போய், பிறகு இறுகி நின்றுவிடுகிறது. மற்ற ஸ்டட்டுகளில் அதே நட்டு அடிவரை விரலாலேயே போகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பக்க இடது வீலின் நட்டுகளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மூன்று நட்டுகளின் அடிப்பகுதி பந்துபோல் உருண்டு இருக்கிறது. நான்காவது மட்டும் நேராகச் சரிந்த கூம்பாக இருக்கிறது. அந்த நட்டு உட்காரும் குழியில் மற்ற குழிகளைப்போல் அகலமாகத் தேய்ந்த பட்டை இல்லாமல், கத்தியால் கீறியதுபோல் ஒரு மெல்லிய பளபளப்பான கோடு மட்டும் தெரிகிறது. இது எங்கள் நட்டு அல்ல என்று தோன்றுகிறது. நாங்கள் நட்டு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

பதில் (ஒர்க்‌ஷாப் நடத்துபவர்)

அம்மா, அந்தக் கூம்பு நட்டுடன் வண்டியை இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். நீங்கள் இதுவரை எழுதியதிலேயே இதுதான் மிகவும் ஆபத்தானது.

ஹோண்டாவின் சொந்த வீல்களில் நட்டு உட்காரும் குழி உருண்டையாகக் கடையப்பட்டிருக்கும். அதற்கு உருண்டை அடியுள்ள நட்டே பொருந்தும். வெளியில் விற்கும் அலாய் வீல்கள் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட்டு. இரண்டிலும் மரை ஒன்றுதான், 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும். அதனால் மாற்றி மாட்டினாலும் நட்டு முரண்டு பிடிக்காமல் ஏறிவிடும். ஆனால் உருண்டைக் குழியில் கூம்பு ஒரு கோட்டில் மட்டுமே தொடும். நீங்கள் கண்ட மெல்லிய கோடு அதுதான். அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்க நசுங்கப் பிடிப்பு குறையும். எவ்வளவு இறுக்கினாலும் நட்டு தானாகத் தளரும். கடையில் ஒரே தட்டில் பல கார்களின் நட்டுகளைப் போட்டு வைத்திருந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். குழியின் விளிம்பில் வெடிப்போ ஆழமான பள்ளமோ இருந்தால் வீலையே மாற்ற வேண்டும். மெல்லிய கோடு மட்டும்தான் என்றால், சரியான நட்டைப் போட்டுப் பயன்படுத்தலாம். வீலைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் மெக்கானிக் விரலால் தடவிப் பார்க்கட்டும்.

பின்பக்க இடது ஸ்டட்டைப் பற்றிய உங்கள் விவரிப்பு மிகத் தெளிவாக இருக்கிறது. நட்டு பாதியில் இறுகி நிற்கிறது என்றால் அந்த இடத்தில் மரையின் இடைவெளி நீண்டுவிட்டது. அதை டை (மரை வெட்டும் கருவி) போட்டுச் சீர்செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரையைச் சீவி நட்டை ஏற்றிவிடலாம், நீண்ட இரும்பின் வலிமை திரும்பி வராது. பிரேக் டிரம்மைக் கழற்றி, பழைய ஸ்டட்டைப் பின்னுக்குத் தள்ளி எடுத்து, புதியதை இழுத்து உட்கார வைக்க வேண்டும். அந்த வீலில் மற்ற மூன்றும் அதே ஏர் கன்னில் அதே அளவு அடி வாங்கியவை என்பதால், நான்கையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். ஸ்டட்டின் விலை பெரிதல்ல, கழற்றி மாட்டும் கூலிதான் முக்கியச் செலவு. அது ஒன்றுக்கும் நான்குக்கும் ஏறத்தாழ ஒன்றே.

முன்பக்க டிஸ்க்குக்கு உடனே செலவு செய்யாதீர்கள். ஹப்பின் முகத்தையும் வீலின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் துருவும் மண்ணும் இல்லாமல் தேய்த்துவிட்டு, நான்கு நட்டுகளையும் கையால் ஏற்றி, எதிரெதிராக இரண்டு சுற்றில், முதலில் பாதி அளவுக்கும் பிறகு 108க்கும் இறுக்கிப் பாருங்கள். டிஸ்க் நிரந்தரமாக வளையாமல், சமமற்ற அழுத்தத்தில் சாய்ந்து மட்டும் இருந்தால் நடுக்கம் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்.

பதில் (டயர் கடையில் பணிபுரிபவர்)

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இப்படிச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏர் கன் பயன்படுத்துவதே தவறு என்று சொல்ல மாட்டேன்; நட்டை ஓட்டிக் கொண்டுபோய் உட்கார வைக்க அது வேண்டும். ஆனால் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றாமல் நேராகக் கன்னை வைத்தால் மரை கோணலாக ஏறும். கடைசி இறுக்கம் கட்டாயம் டார்க் ரெஞ்ச்சில்தான் இருக்க வேண்டும். வீல் கழன்றுவிடுமோ என்ற அச்சத்தில் ‘இன்னும் இறுக்குங்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டு, அவர்களுக்கும் நாங்கள்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நட்டிலேயே இவ்வளவு அலட்சியம் என்றால் டயரைப் பூட்டியதையும் சரிபாருங்கள். பக்கச்சுவரில் ‘அவுட்சைட்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழல வேண்டும். பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் கடைசியில் வரும் நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான்கு டயரிலும் அதைப் படியுங்கள். பழைய ரப்பர் வால்வையே விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வால்வை விரலால் சாய்த்தால் அடியில் வெடிப்பு தெரியும். சோப்புத் தண்ணீர் தடவினால் வால்விலும் ரிம் ஓரத்திலும் காற்று கசிகிறதா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பின்பக்க இடது வீலின் நான்கு ஸ்டட்டுகளும் மாற்றப்பட்டன. கழற்றிய பழையவற்றைப் புதியதன் அருகே வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் நடுப்பகுதி மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கூம்பு நட்டுக்குப் பதிலாக ஹோண்டாவின் நட்டு வாங்கியாயிற்று. குழியில் பள்ளம் இல்லை என்று மெக்கானிக் உறுதி செய்தார். முன்பக்கம் தேய்த்துச் சுத்தம் செய்து 108க்கு இறுக்கிய பிறகு நடுக்கம் பெரும்பகுதி போய்விட்டது. வேகமாகச் சென்று அழுத்தினால் மட்டும் மிக லேசாக உணர முடிகிறது. டயர்களில் ஒன்று உள்பக்கம் வெளியே வருமாறு பூட்டப்பட்டிருந்தது. அதைப் படங்களுடன் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறோம். மறுபடி பூட்டித் தருவதாகவும் ஸ்டட் செலவை ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு சந்தேகங்கள். அடுத்த முறை எளிதாகக் கழல ஸ்டட் மரையில் கிரீஸ் தடவலாமா? திரும்பச் சரிபார்ப்பது எப்போது?

பதில் (இயந்திரவியல் பொறியாளர்)

மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். 108 என்பது உலர்ந்த மரைக்கான அளவு. உராய்வு குறைந்தால் அதே திருகுவிசையில் நாலரை டன்னுக்குப் பதிலாக ஆறு டன் இழுவிசை வந்துவிடும். டார்க் ரெஞ்ச் 108 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டட் எல்லையை நெருங்கும். கம்பி பிரஷ்ஷால் துடைத்து உலர்வாக வைத்தால் போதும். ஹப்பின் நடுவட்ட விளிம்பில் மட்டும் மிக மெல்லியதாகத் தடவலாம், நட்டுக் குழிகளில் படக் கூடாது.

புதிய ஸ்டட்டுகள் சற்று உட்காரும் என்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, 108க்கு மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பயன்படுத்திய பிறகு அதன் அளவை மிகக் குறைந்த கோட்டுக்குத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள். வளைந்த வீல் ஸ்பேனருக்குப் பதிலாக, இரண்டடிக் கைப்பிடியும் 19 மி.மீ. பாக்ஸும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடையில் அந்த டயரைத் திருப்பிப் பூட்டும்போது நான்கு நட்டுகளையும் உங்கள் கண் முன்னால் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். மீதமிருக்கும் லேசான நடுக்கம் அடுத்த சர்வீஸ் வரை கூடாமல் இருந்தால், அப்போது டிஸ்க்கை அளந்து பார்த்துக்கொள்ளலாம். கூடினால் காத்திருக்காமல் உடனே அளக்கச் சொல்லுங்கள்.