வேஸ்ட் இங்க் பேட் நிறைந்தால்: கவுன்டர் வேறு, பேட் வேறு

எப்சன் இங்க் டேங்க் பிரிண்டரில் இரண்டு சிவப்பு விளக்கு மாறி மாறிச் சிமிட்டி, வேஸ்ட் இங்க் பேடின் (இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் இங்கை உறிஞ்சும் பஞ்சு) ஆயுள் முடிந்தது என்று கணினியில் செய்தி வந்தால், பேட் வழிகிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான வீட்டு மாடல்களில் பேடின் ஈரத்தை அளக்க சென்சாரே கிடையாது. ஒவ்வொரு ஹெட் க்ளீனிங்குக்கும் இவ்வளவு இங்க் போயிருக்கும் என்று பிரிண்டரே கணக்கிட்டு, போர்டில் உள்ள ஈஈப்ராம் என்ற நினைவக சிப்பில் கூட்டிக்கொண்டே வரும். இந்தக் கணக்குதான் கவுன்டர். வரம்பைத் தொட்டதும் பிரிண்ட் நின்றுவிடும். கேனன் பிரிண்டரில் 1700 என்ற பிழை எண் வந்தால் பேட் நிறையும் நிலையில் இருக்கிறது, 5பி00 வந்தால் கணக்கு முடிந்தது.

ஆகவே வேலை இரண்டு: பேடைக் கவனிப்பது, கவுன்டரை ரீசெட் செய்வது. ரீசெட் மட்டும் செய்துவிட்டுப் பேடை அப்படியே விட்டால், அடுத்த சில க்ளீனிங்கில் இங்க் மேசைக்கு வந்துவிடும்.

மறுமொழி

பேடைக் கழற்றும் முன் ஹெட் தன் இடத்துக்குப் போய் நிற்கும்படி பவர் பட்டனில் அணைத்து, பிறகுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிரிண்டரைச் சாய்க்கவோ கவிழ்க்கவோ கூடாது, டேங்க் இங்க் கண்ட இடத்துக்கும் ஓடும். பல எப்சன் டேங்க் மாடல்களில் பேட் பெட்டி பின்புறம் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். பழைய கேனன் பிக்ஸ்மாக்களில் அடிப்பெட்டிக்குள் இருப்பதால் மேல்பாகம் முழுவதையும் தூக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

பஞ்சு அடுக்குகள் இருக்கும் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, பழைய வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். டை இங்க் (தண்ணீரில் கரையும் சாய இங்க்) சீக்கிரம் கரையும். பிக்மென்ட் (நுண்துகள் கலந்த இங்க்) கறுப்பு முழுதாகப் போகாது, கறை நிற்கட்டும், பரவாயில்லை. நிழலில் இரண்டு நாளாவது காயவேண்டும். ஈரத்தோடு வைத்தால் அந்த ஈரத்தின் அளவுக்கு இங்க் தாங்கும் இடம் போய்விடும். சாதாரணப் பஞ்சைத் திணிக்காதீர்கள், நார் பிரிந்து, பேடுக்கு இங்க் கொண்டுவரும் குழாயின் வாயை அடைக்கும்.

மறுமொழி

கூடுதலாக ஒன்று, நண்பரே. குழாய் சொட்டும் இடத்தில் பிக்மென்ட் உலர்ந்து மேடாகி இருக்கிறதா பாருங்கள். அது ஓடுபோல இறுகிவிட்டால் பேடின் மறுபாதி காய்ந்து கிடந்தாலும் இங்க் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் வழியும். சுரண்டி எடுத்துவிட்டு, அடுக்கைத் திருப்பிப் போட்டாலே போதும்.

திரும்ப மாட்டும்போது குழாய் முனை கட்டாயம் பேட் மேல் உட்காரவேண்டும். மடங்கினால் பம்ப் இழுக்காது. ஹெட் அடைத்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி க்ளீனிங் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. கேப்பில் (ஹெட் ஓய்வில் உட்காரும் ரப்பர் மூடி) சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒரு க்ளீனிங் ஓட்டுங்கள். தண்ணீர் கேப்பிலேயே நின்றால் கோளாறு குழாயிலோ பம்பிலோ.

மறுமொழி

பேடுக்குப் பதிலாகக் குழாயை வெளியே இழுத்து, கழிவு இங்கைப் பாட்டிலில் பிடிப்பவர்கள் கவனத்துக்கு: பாட்டில் பிரிண்டர் மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும், மூடியில் காற்றுத் துளை வேண்டும். துளை இல்லாவிட்டால் காற்று அடைபட்டு இங்க் கேப்புக்கே திரும்பும். பார்டர்லெஸ் (ஓரம் விடாத) போட்டோ நிறைய அச்சிட்டால் தாளுக்கு வெளியே விழும் இங்க் பிளாட்டன் பேடில்தான் (தாள் போகும் பாதைக்கு அடியில் இருக்கும் பஞ்சு) சேரும். பாட்டில் அதற்கு உதவாது.

ரீசெட் மென்பொருள் உங்கள் மாடலுக்கே உரியதாக இருக்கவேண்டும். வேறு மாடலுடையதை ஓட்டி ஈஈப்ராமில் எழுதினால் பிரிண்டரே கிளம்பாமல் போகலாம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் ஜிப் கோப்புகளைத் தொடவே வேண்டாம். மெயின் பேட் (க்ளீனிங் இங்க் சேரும் பேட்), பிளாட்டன் பேட் இரண்டுக்கும் தனித்தனிக் கவுன்டர். முதலில் மென்பொருளில் இரண்டு கவுன்டரையும் படித்துப் பார்த்து, நிறைந்ததை மட்டும் ரீசெட் செய்து, அணைத்து மறுபடி போடுங்கள்.

எப்சன் எல்6160 போன்ற மாடல் என்றால் இந்தப் பாடே வேண்டாம். டி04டி1 மெயின்டனன்ஸ் பாக்ஸை (கழற்றி மாற்றக்கூடிய பேட் பெட்டி) மாற்றினால் போதும், கணக்கு அதன் சிப்பிலேயே இருக்கிறது.

மறுமொழி

பேட் சீக்கிரம் நிறைவதற்கு ஒரு முக்கியக் காரணம், பவர் பட்டனில் அணைக்காமல் சுவர் சுவிட்சில் அணைப்பது. ஹெட் கேப்பில் சரியாக உட்காராமல் காயும், அதைச் சரிசெய்ய க்ளீனிங் மேல் க்ளீனிங் கொடுக்க வேண்டிவரும். முதலில் நாசில் செக் (ஹெட் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு) எடுங்கள், கோடு விட்டிருந்தால் மட்டும் க்ளீனிங். மூன்று முறைக்கும் சரியாகாவிட்டால் நிறுத்தி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒரு பவர் க்ளீனிங் (குழாய்களில் உள்ள இங்க் முழுவதையும் மாற்றும் தீவிர க்ளீனிங்) விழுங்கும் இங்க் சாதாரண க்ளீனிங்கைவிடப் பல மடங்கு.