பனிச்சறுக்கில் ஜவ்வு கிழிந்த முட்டி: புத்தூர் கட்டா, ஆபரேஷனா?

பள்ளிப்பட்டுக்காரன்:
தம்பிக்கு 27 வயசு. குல்மர்க்கில் பனிச்சறுக்கும்போது விழுந்து இன்னைக்கு 6-வது நாள். கால் திருகினப்போ பலகை பூட்ஸை விட்டுக் கழலலை. உள்ளே ‘டப்’புன்னு சத்தம், ஒரு மணி நேரத்துக்குள்ள முட்டி வீங்கிடுச்சு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்: ஏசிஎல் (முட்டி நடுவில் இருக்கிற ஜவ்வு) முழுக் கிழிவு, எம்சிஎல் (முட்டியின் உள்பக்க ஜவ்வு) கிரேடு 2, அதாவது பாதிக் கிழிவு, உள்பக்க மெனிஸ்கஸில் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) ‘பக்கெட் ஹேண்டில்’ கிழிவு. காலை நீட்டினா கடைசி 20 டிகிரி வரமாட்டேங்குது. சித்தூர் டாக்டர் உடனே ஆபரேஷன்ங்கறார். வேலூர்ல 4 வாரம் போகட்டும்ங்கறாங்க. வீட்டுப் பெரியவங்க, நகரி தாண்டினா புத்தூர், கட்டு போட்டா சரியாயிடும்ங்கறாங்க. எது சரி? எந்தத் தசைநாரை எடுத்து ஜவ்வு செய்வாங்க?

மூட்டு மருத்துவன்:
ரெண்டு டாக்டரும் தப்பா சொல்லலைங்க. ஆளுக்கொரு கிழிவைப் பார்த்துச் சொல்லியிருக்காங்க.

ஏசிஎல், எம்சிஎல் மட்டும்னா 3 முதல் 6 வாரம் பொறுப்பதுதான் நல்லது. வீங்கிச் சூடா இருக்கிற முட்டியில் கை வைத்தால் உள்ளே தழும்பு இறுகி, மடக்கவும் நீட்டவும் முடியாமல் போகும். நாள் கணக்கைவிட முக்கியம்: வீக்கம் வடியணும், கால் முழுசா நீளணும், தொடைத் தசை சொன்னபடி கேட்கணும்.

உங்க தம்பி கேஸில் அவசரம் மெனிஸ்கஸால் வருது. கிழிந்த துண்டு வாளிப் பிடி மாதிரி புரண்டு மூட்டு நடுவில் மாட்டிக்கொள்ளும். கால் நீளாததுக்கு அது காரணமா இருக்கலாம். அப்படியே விட்டா எலும்புக்கு நடுவில் நசுங்கி நைந்துபோகும், பிறகு தைக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். 27 வயசுல மெனிஸ்கஸை இழந்தால் பின்னாடி மூட்டுத் தேய்மானம் வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனால பூட்டிக்கொண்ட முட்டின்னா 4 வாரம் காக்க வைக்கறதில்லை.

ஆனா வலியில் பின்னந்தொடை இறுகினாலும், அறுந்த ஏசிஎல் நுனி முன்னாடி மாட்டினாலும் கால் நீளாது. ஊசியால் ரத்தத்தை உறிஞ்சிட்டு மரப்பு மருந்து போட்டுப் பார்க்கலாம். அப்பவும் நீளலைன்னா உள்ளே ஏதோ முட்டுக்கட்டைதான். படத்தில் துண்டு நடுவில் புரண்டிருக்கான்னும் கேளுங்க.

ஆர்த்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியா கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) மெனிஸ்கஸ் தையலும் ஏசிஎல்லும் ஒரே தடவையில் செய்யலாம். எலும்பில் துளை போடும்போது கசியும் மஜ்ஜை ரத்தம் தையல் ஆறவும் உதவும். முட்டி ரொம்பக் கொதிச்சிருந்தா தையல் முதலில், ஏசிஎல் சில வாரம் கழித்து.

எம்சிஎல் கிரேடு 2-க்குக் கத்தி வேண்டாம், கீல் வச்ச பிரேஸ் 4-6 வாரம் போதும். கிராஃப்ட் (அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலா வைக்கிற தசைநார்) விஷயத்தில் மட்டும் இதை மறக்காதீங்க. வழக்கமா எடுக்கிற பின்னந்தொடைத் தசைநார் முட்டியின் உள்பக்கத்தைத்தான் தாங்குது. எம்சிஎல்லும் அங்கேதான் கிழிஞ்சிருக்கு. அதே காலில் அதை எடுத்தா உள்பக்கம் இன்னும் தளரும். முன்தொடைத் தசைநாரோ, மறுகாலின் பின்னந்தொடையோ, கணுக்கால் பக்கத்துப் பெரோனியஸ் தசைநாரோ எடுக்கலாமான்னு கேளுங்க. பின்னந்தொடைத் தசைநாரா இருந்தா மடித்த பிறகு கனம் 8 மிமீ-க்குக் குறையக்கூடாது.

திருத்தணி பிசியோ:
கட்டு பத்திப் பேசிடலாம். முட்டை வெள்ளை, பச்சிலை, மூங்கில் பத்தை வச்ச கட்டு எலும்பை அசையாம பிடிக்கும், அவ்வளவுதான். ஏசிஎல் மூட்டு நீருக்குள் கிடக்குது. அறுந்த நுனியில் ரத்தம் உறைஞ்சு நிற்காது, கரைஞ்சிடும். இந்தக் கட்டால் அது ஒட்டும்னு நம்ப முடியாது. வீங்கின காலை இறுக்கிக் கட்டினா கெண்டைக்கால் உள்ளழுத்தம் ஏறும். மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை மேலே மடக்கினா கெண்டைக்காலில் உயிர் போற வலி, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரப்பு: இதில் ஒண்ணு வந்தாலும் கட்டை அவிழ்த்துட்டு நேரா அவசரப் பிரிவு. பாதத்தில் நாடி ஓடுதேன்னு உட்கார்ந்திருக்காதீங்க, நாடி கடைசியில்தான் நிற்கும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டணும், தொடையை 5 விநாடி இறுக்கி விடணும். துணி சுத்தின ஐஸ் 15 நிமிஷம், பகலில் 3 மணிக்கொரு தடவை. முட்டிக்குக் கீழே தலையணை வேண்டவே வேண்டாம். சுகமா இருக்கும், ஆனா கால் மடங்கினபடியே நின்னுடும். பூட்டிக்கிட்ட முட்டியை யாரும் அழுத்தி நீட்டவும் கூடாது. குல்மர்க்கிலிருந்து நெடுந்தூரம் உட்கார்ந்து வந்திருக்கார், கெண்டைக்கால் வீக்கம் ஏறினா ரத்தக்கட்டு இருக்கான்னு பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுத்துடுங்க.

தையல் போட்டா 4-6 வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது. வீட்டில் இந்தியன் கழிப்பறைன்னா இப்பவே கமோட் நாற்காலி வாங்கிடுங்க. சம்மணம், குத்துக்கால் எல்லாம் குறைஞ்சது 4 மாசம் கிடையாது. புதுக் கிராஃப்ட் 6-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரை ரொம்ப பலவீனமா இருக்கும். பழைய திசு செத்துப் புது ரத்தக்குழாய் நுழையற நேரம். வலியும் அப்பதான் குறைஞ்சிருக்கும், ஆளு ஓடிப் பார்ப்பார்! விளையாட்டு 9 மாசத்துக்கு முன்னாடி வேண்டாம். அப்பவும் தொடை வலு மறுகாலில் 90 சதவீதம் வந்திருக்கணும்.

பள்ளிப்பட்டுக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்க மேல்முனையில் அரிசி நொய் மாதிரி ஒரு சில்லு தெரியுது. அது ஒண்ணுமில்லைன்னாங்க.

மூட்டு மருத்துவன்:
ஒண்ணுமில்லாம இல்லைங்க. அதுக்கு செகோன்ட் (Segond) முறிவுன்னு பேர். சில்லு தானா ஆறிடும். ஆனா ஏசிஎல் அறுந்ததுக்கு அதுவே சாட்சி, முட்டி சுழற்சியில் அதிகமா நழுவும்னும் அர்த்தம். மயக்கத்தில் இருக்கும்போது பிவட் ஷிஃப்ட் (முட்டியைச் சுழற்றி எவ்வளவு நழுவுதுன்னு பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்க. நழுவல் அதிகம்னா வெளிப்பக்கம் ஒரு பட்டைத் திசுவைச் சேர்த்துத் தைப்பாங்க. முட்டியின் பின்வெளி மூலையில் இருக்கிற ஜவ்வுகளையும் சோதிக்கணும். அங்கே கிழிஞ்சதைக் கவனிக்காம ஏசிஎல் மட்டும் வச்சா கிராஃப்ட் தாங்காது.

திருத்தணி பிசியோ:
பலகை ஏன் கழலலைன்னு கேட்டீங்கன்னா: எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், சறுக்கும் திறமை இதையெல்லாம் வச்சு பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிடிக்கிற பூட்டு) இறுக்கத்தை வைக்கணும். ஆனா சரியா வச்சாலும் பைண்டிங் காப்பாத்தறது முக்கியமா கீழ்க்கால் எலும்பைத்தான். பின்னாடி சாய்ஞ்சு உட்கார்ந்தபடி ஒரு காலில் திருகி விழுந்தா பலகை கழலறதுக்குள்ள ஏசிஎல் போயிடும்.