எந்த டாக்டர்?

வீட்டுக் குழு
புதன்

[மாலை 6:12] நான்: எல்லோரும் தனித்தனியாகக் கூப்பிடுகிறீர்கள், எடுக்க முடியவில்லை. இங்கேயே எழுதுகிறேன். பாப்பாவை வார்டில் சேர்த்துவிட்டோம். நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கியிருக்கின்றனவாம், பிராங்கியோலைட்டிஸ். மூச்சு நிமிடத்துக்கு 66. மூக்கில் ஆக்சிஜன் ஓடுகிறது.

[6:14] பெரியப்பா: பெரிய டாக்டர் பார்த்தாரா?

[6:15] நான்: இதுவரை ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள் பெரியப்பா.

[6:17] பெரியப்பா: ஐந்து பேர் பார்ப்பது வேறு, பொறுப்பாக ஒருவர் பார்ப்பது வேறு. கைராசிக்காரர் ஒருவர் போதும். ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா?

[6:20] அண்ணி: இது வைரஸ் பெரிய மாமா, பெரும்பாலும் ஆர்எஸ்வியாகத்தான் இருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆக்சிஜன், சளி உறிஞ்சுவது, உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பது, இதுதான் வைத்தியம். காய்ச்சல் சளி ஆரம்பித்து இன்று எத்தனையாவது நாள்மா?

[6:21] நான்: மூன்றாவது.

[6:22] அண்ணி: மூன்றிலிருந்து ஐந்து வரைதான் உச்சம். இன்று ராத்திரி கண் அசராதே.

[6:40] அத்தை: (குரல் பதிவு, 4 நிமிடம்)

[6:41] தம்பி: அத்தை, வார்டில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்க முடியாது. இரண்டு வரியில் எழுதுங்கள்.

[6:44] அத்தை: பயப்படாதே கண்ணு.

வியாழன்

[காலை 5:20] நான்: ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை, பயப்படாமல் படியுங்கள். இரண்டரை மணி இருக்கும். மானிட்டரில் மூச்சு 66-லிருந்து 48-க்கு வந்திருந்தது. அப்பாடா, இறங்குகிறது என்று நினைத்தேன். அதே நேரம் சிஸ்டர் வந்து மூக்கில் சளி உறிஞ்சினார். எப்போதும் அதற்குக் கூரை பிய்கிற மாதிரி அழுவாள், இந்த முறை முனகக்கூட இல்லை. என் விரலையும் பிடிக்கவில்லை. "எண் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவள் சரியில்லை" என்று சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது.

[5:22] நான்: அந்த சிஸ்டர் மானிட்டரைப் பார்க்கவேயில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ணினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நெஞ்சில் ஒரு விரலை வைத்து அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு எடுத்தார். வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனது. ஒரு தாளில் ஏதோ மதிப்பெண் கூட்டிவிட்டு ஃபோனை எடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே கட்டிலைச் சுற்றி நாலு பேர்.

[5:31] தம்பி: மூச்சு குறைந்தால் நல்லதுதானே? ஏன் பதறினார்கள்?

[5:38] அண்ணி: நன்றாக விளையாடிக்கொண்டு குறைந்தால் நல்லது. சோர்ந்து கிடக்கும்போது குறைந்தால், குழந்தை களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். இழுத்து இழுத்து இனி முடியவில்லை. குழந்தைகள் கடைசி வரை சமாளிப்பார்கள், பிரஷர்கூட விழாது, அப்புறம் ஒரேயடியாகச் சரிவார்கள். அந்த மதிப்பெண்ணை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நாங்கள் பியூஸ் (PEWS) என்போம். நடத்தை, ரத்த ஓட்டம், மூச்சு மூன்றையும் பார்த்துப் போடுவது. ஏறினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ராத்திரி டியூட்டியில் இருக்கும் சின்ன நர்ஸ்கூட பெரிய டாக்டரை நேராகக் கூப்பிடலாம்.

[5:40] அண்ணி: நீ கூச்சப்பட்டதாக எழுதியிருக்கிறாய் பார், அதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்று 13 வயதுப் பெண். சைக்கிளில் விழுந்து கணையத்தில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ரத்தத்தில் தொற்று பரவியது. பெற்றோர் கவலையைச் சொல்லியும் எடுபடவில்லை. 2021-ல் இறந்துபோனாள். அதற்கப்புறம் 2024-லிருந்து அங்கே மார்த்தா விதி என்று கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டார் தாங்களே கூப்பிட்டு, வேறொரு அவசரக் குழு வந்து பார்க்கும்படி கேட்கலாம்.

[5:52] பெரியப்பா: இப்போது எப்படி இருக்கிறாள்?

[5:55] நான்: ஹை ஃப்ளோ போட்டிருக்கிறார்கள். சூடும் ஈரமுமாகக் காற்றும் ஆக்சிஜனும் கலந்து மூக்கில் வேகமாக வருகிறது, நிமிடத்துக்கு 14 லிட்டர். தூங்குகிறாள். இது நிஜத் தூக்கம்.

[11:48] பாப்பா அப்பா: ரவுண்ட்ஸ் முடிந்தது. ஒன்பது பேர் பெரியப்பா! ஐசியூ டாக்டர், இரண்டு ஜூனியர்கள், நர்ஸ், மூச்சுக் கருவி பார்ப்பவர், பார்மசிஸ்ட், டயட்டீஷியன், பிசியோ. ஒன்பதாவது ஆள் எதற்கு என்று தெரியவில்லை.

[11:50] பெரியப்பா: ஒன்பது பேர் கூடினால் ஒன்பது அபிப்பிராயம். முடிவு யார் எடுப்பது மாப்பிள்ளை?

[11:56] பாப்பா அப்பா: நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஜூனியர் முதலில் படித்தார், நர்ஸ் ராத்திரி நடந்ததைச் சொன்னார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எழுதப் போனார்கள். பார்மசிஸ்ட் கையை உயர்த்தி, "வார்டிலிருந்து கிளம்பும்போது கொடுத்திருக்கிறது, இடைவெளி முடியும் முன்னால் அடுத்தது வேண்டாம்" என்றார். இடம் மாறியதில் அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போயிருக்கிறது. பெரிய டாக்டர் "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திருத்தினார், அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. கடைசியில் இவளைப் பார்த்து, "அம்மா, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு சொன்னார்.

[11:59] அண்ணி: கட்டில் தலைமாட்டில் எடை எழுதியிருக்கிறதா?

[12:00] நான்: 7.4 கிலோ என்று பெரிதாக.

[12:03] அண்ணி: அதுதான் எங்களுக்கு எல்லாம். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இவளுக்கு 111. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. அதனால்தான் ஊசி மருந்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் ஏற்றுவோம். இருபது வருடம் அனுபவம் இருந்தாலும் அதே கதைதான்.

[12:10] பெரியப்பா: ம்.

வெள்ளி

[இரவு 8:50] நான்: இன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. மத்தியானம் டியூட்டி டாக்டர், மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கலாம் என்றார். ராத்திரி வந்த சிஸ்டர் ஒன்றும் கூடாது என்று பால் எழுதியிருந்த தாளை எடுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் பிள்ளை வெறும் வயிறு. கேட்டால், ஷிஃப்ட் மாறும்போது அந்தச் செய்தி போய்ச் சேரவில்லையாம். சீனியர் நர்ஸ் வந்து மன்னிப்புக் கேட்டு, பாலை ஆரம்பித்துவிட்டார்.

[8:53] பெரியப்பா: நான் சொன்னேனே.

[8:58] அண்ணி: இந்த இடத்தில் பெரிய மாமா பக்கம்தான் நான். ஆள் கூடினால் கைமாறுவதும் கூடும், தவறு நுழைவது அங்கேதான். கட்டில் பக்கத்திலேயே நின்று, நீயும் கேட்கிற மாதிரி டியூட்டியை ஒப்படைக்கச் சொல். விட்டுப்போனதை நீ எடுத்துக் கொடுக்கலாம்.

[9:06] தம்பி: இதற்கு ஒரு கதை உண்டு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரி. இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐசியூவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது ஏகக் குழப்பம். டாக்டர்கள் டிவியில் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில நொடிகளில் டயர் மாற்றுகிற பிட் குழு கண்ணில் பட்டது. ஆளுக்கு ஒரே வேலை, ஒரே ஆள் பொறுப்பு, வீண் பேச்சு இல்லை. இத்தாலிக்கே போய் ஃபெராரி குழுவிடம் யோசனை கேட்டு முறையை மாற்றினார்கள். தவறுகள் குறைந்தன என்று 2007-ல் கட்டுரை வந்தது.

[9:09] பெரியப்பா: அதில் பொறுப்பு ஒரே ஆள் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நானும் புதன்கிழமையிலிருந்து சொல்கிறேன்.

[9:10] தம்பி: மற்றவர்கள் இல்லாமல் அவர் ஒருவரே நாலு டயரையும் கழற்றுவாரா பெரியப்பா?

[9:15] பெரியப்பா: சரி சரி. ராத்திரி யாராவது இவளுக்குத் துணைக்குப் போங்கள், மூன்று நாளாகத் தூங்கவில்லை.

சனி

[காலை 7:35] நான்: ஷிஃப்ட் மாறும்போது கட்டில் பக்கத்தில் நின்றேன். பால் அளவு, கடைசி மருந்து நேரம், எல்லாம் சத்தமாகச் சொன்னார்கள், வந்தவர் திருப்பிச் சொன்னார். ராத்திரி ஒரு முறை வாந்தி எடுத்ததை விட்டுவிட்டார்கள், நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

[11:20] நான்: மூச்சு 42. ஹை ஃப்ளோ 14-லிருந்து 8-க்கு இறக்கியாயிற்று. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்குமாம்.

[11:21] அத்தை: (குரல் பதிவு, 6 நிமிடம்)

[11:24] நான்: கால்விரலில் ஒட்டியிருந்த சென்சாரைப் பிய்த்து எறிந்துவிட்டாள், மானிட்டர் கத்தியது, நாலு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒரு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். பாவம், அவர் குனிந்தபடியே நிற்கிறார்.

[11:25] பெரியப்பா: எந்த டாக்டர்? பெரியவரா?

[11:27] நான்: தெரியவில்லை பெரியப்பா. மூன்றாவதாக ஓடி வந்தவர்.