கழிவுநீரில் பாசி வளர்த்து வாயு எடுப்பது நம் ஊருக்குச் சரிவருமா?

மருதநிலம்:
ஸ்பெயினின் சிக்லானா என்ற ஊரில் கழிவுநீரில் பாசி வளர்த்து, அதிலிருந்து மீத்தேன் என்ற எரிவாயுவை எடுத்துக் காரே ஓட்டிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2011-ல் தொடங்கிய 'ஆல்-கேஸ்' திட்டம் அது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நாம் ஏன் செய்யக் கூடாது?

கணக்கன்:
கார் ஓடியது சரி, செலவு? அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி எரிபொருளை ஆராய்ந்துவிட்டு மூட்டை கட்டியது. 2009-ல் இறங்கிய எண்ணெய் நிறுவனம் எக்ஸான்மொபிலும் 2023-ல் கைகழுவிவிட்டது. குளத்து நீரில் லிட்டருக்கு அரை கிராம் பாசி தேறினாலே பெரிது. அரை கிலோவுக்கு ஆயிரம் லிட்டரை வடிக்க வேண்டும். அப்புறம் உலர்த்த வேண்டும்.

மருதநிலம்:
அவர்கள் தேடியது எண்ணெய், நண்பரே. வாயுவுக்கு உலர்த்தவே வேண்டாம், ஈரப் பாசியை அப்படியே மூடிய கலனில் விடலாம், உள்ளே பாக்டீரியா அதைச் செரித்து வாயு விடும். என்னைக் கேட்டால் வாயுகூட இரண்டாம்பட்சம்தான். சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தில் ஏறக்குறைய பாதி மின்சாரம் தண்ணீருக்குள் காற்று ஊதவே போகிறது. பாசிக் குளத்தில் அந்த வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். பாசி விடும் ஆக்சிஜனில் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். ஒரு அடி ஆழ வாய்க்காலும் மெதுவாகச் சுற்றும் துடுப்புச் சக்கரமும் போதும். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

கணக்கன்:
அந்த ஒரு அடிதான் இடிக்கிறது. தண்ணீர் 5 நாள் தங்க வேண்டுமென்றால், தினம் 10 லட்சம் லிட்டருக்கு 4 ஏக்கர். 10 கோடி லிட்டர் வரும் நகர நிலையத்துக்கு 400 ஏக்கர்! சென்னையில் எங்கே போவீர்கள்? ராத்திரியில் பாசியே ஆக்சிஜனை இழுக்கும். பாசியின் செல் சுவரும் கெட்டி, கலனில் லேசில் செரிக்காது.

ஆற்றுமணல்:
சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரிலிருந்து பிரியும் கசடிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்களே. பாசியைக் கசடோடு கலந்துவிட்டால் தனிக் கலன் தேவையில்லை.

மருதநிலம்:
சென்னையை விடுங்கள். தினம் 10 லட்சம் லிட்டர் வரும் பேரூராட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். ஊருக்கு வெளியே 4 ஏக்கர் கிடைக்காதா? அங்கே சாதாரண நிலையம் கட்டிக்கொடுத்தாலும் மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டுமே.

கணக்கன்:
இடம் கிடைக்கும். அறுவடை? வேகமாகச் சுழற்றிப் பாசியைப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரம் வைத்தால் மிச்சம் பிடித்த மின்சாரம் அதிலேயே போய்விடும்.

மருதநிலம்:
வேண்டாம், படியவிட்டே எடுக்கலாம். அடியில் படிந்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் குளத்தில் விட்டால், நாளடைவில் படியும் இனங்களே பெருகும்.

கணக்கன்:
மழைக்காலத்தில் நாலு நாள் மூட்டம் போட்டாலும் அது ஒழுங்காகப் படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.