'த்ராஷிங்': போரடித்தலா, அலைச்சலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேகம் குறைந்த வீட்டுக் கணினிக்கான உதவிக் குறிப்பில் 'த்ராஷிங்' (நினைவகம் போதாமல் கணினி திணறுவது) என்ற சொல்லுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. மூலச்சொல்லுக்குக் கதிரடிப்போடு உறவு உண்டு என்பதால் 'போரடித்தல்' என்று ஒரு பரிந்துரை வந்தது. களத்துமேடு அறிந்தவருக்கு அது விளங்கும். மற்றவர்கள் 'சலிப்பு' என்றே படிப்பார்கள். 'மிகைப் பக்கமாற்றம்' என்பதும் பொருந்தவில்லை. பக்கங்கள், அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகள், மிகுதியாக மாறுவதோடு வேலையும் நகராமல் நிற்பதுதான் இந்த நோய்.

நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் அப்போதைக்கு வேண்டாத பக்கங்களை, 4 கேபி அளவில், வட்டுக்கு அனுப்புகிறது. இது இயல்பு. அனுப்பிய பக்கமே மறுகணம் தேவைப்பட்டு, அதற்கு இடம்விட வெளியேற்றிய பக்கமும் உடனே தேவைப்பட்டால்தான் சிக்கல். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வன்தட்டில், பக்கம் சுழன்று வரச் சராசரிக் காத்திருப்பு 4.2 மில்லிநொடி, படிக்கும் தலை நகர இன்னும் 8 அல்லது 9. சிதறிக் கிடக்கும் பக்கங்கள் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 80தான் வரும். அதாவது 320 கேபி. செயலி சும்மா காத்திருக்கும். 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கியதும் இதைத்தான்: ஒவ்வொரு நிரலுக்கும் அந்நேரத்துக்கு வேண்டிய பக்கத்தொகுதி நினைவகத்தில் கொள்ளாவிட்டால் மொத்த வேலையும் சரிந்துவிடும்.

'பக்க அலைச்சல்' எனலாமா? காரியம் நடக்காமல் போய்வந்து களைப்பதை நாம் அப்படித்தானே சொல்கிறோம்.

*

வணக்கம் ஐயா.

'அலைச்சல்' மிகப் பொருத்தம். இயற்பியலில் 'அலைவு' இருந்தாலும் இரண்டும் குழம்பாது. ஆனால் 'பக்கம்' என்றதும் வீட்டுப் பயனர் வலைப்பக்கத்தை நினைப்பார். 'நினைவக அலைச்சல்' என்று வைப்போம். பாடநூலுக்குப் 'பக்கமாற்றம்' தனியே இருக்கட்டும்.

சொல்லோடு அடையாளமும் வர வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நினைவகம் 90 விழுக்காட்டுக்கு மேல், வட்டு 100, செயலி மட்டும் குறைவு என்று தெரியும். லினக்ஸில் 'விஎம்ஸ்டாட் 1' என்ற கட்டளை கொடுத்து 'எஸ்ஐ' (வட்டிலிருந்து திரும்புபவை), 'எஸ்ஓ' (வட்டுக்குப் போகிறவை) என்ற இரு நெடுவரிசைகளையும் பாருங்கள். இரண்டிலும் தொடர்ந்து பெரிய எண்கள் வந்தால் அலைச்சல். 'எஸ்ஓ' மட்டும் சற்று நேரம் ஏறி அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை.

நினைவகம் பாதி காலியாக இருந்தும் வட்டு 100 காட்டினால் அது வேறு நோய்: வைரஸ் சோதனை, புதுப்பிப்பு, அல்லது பழுதாகும் வட்டு. அதற்கு ராம் (கூடுதல் நினைவகம்) வாங்குவது வீண் செலவு.

*

இருவருக்கும் நன்றி. 'நினைவக அலைச்சல்' எனக்கும் ஏற்பு. தீர்வுப் பகுதியில் சேர்க்க வேண்டியவை:

4 ஜிபி ராமை 8 ஆக்குவதே நேர் மருந்து. வாங்குமுன் வகையைப் பார்க்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் அட்டையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. மடிக்கணினியில் முன்னதற்கு 204 ஊசிகள், பின்னதற்கு 260. சில மடிக்கணினிகள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். சிலவற்றில் ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருக்கும். அங்கே கூடுதல் செருகுவாய் உண்டா என்று முதலில் பாருங்கள்.

வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வட்டு) மாற்றினால் ஒரு பக்கத்தை எடுக்கும் நேரம் 0.1 மில்லிநொடி அளவுக்கு இறங்கும். வலி குறையும், காரணம் போகாது. ராம் சேர்க்க வழியில்லாத லினக்ஸ் கணினியில் இசட்ராம் இயக்கலாம்: பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும்.

விண்டோஸில், வெளியேற்றிய பக்கங்களை வட்டில் வைக்கும் 'பேஜ்ஃபைல்' கோப்பை அணைக்கச் சொல்லும் பரிந்துரையைக் கட்டாயம் நீக்குவோம். அலைச்சல் நிற்பதுபோல் தோன்றும். நினைவகம் தீர்ந்ததும் உலாவி சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும்.

வினையாக 'நினைவகம் அலைகிறது' என்றே எழுதலாமா, அல்லது 'அலைச்சலுறுகிறது' வேண்டுமா? எனக்கு முதலாவதே இயல்பாகப் படுகிறது.