எல்டர்பெரி குச்சி துளிர் விட்டிருக்கு, தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல தரையில வைக்கலாமா?

தோட்டக்கிறுக்கி:
எல்லாருக்கும் வணக்கம். ஹோவிக் பக்கம் ஒரு சிநேகிதி வீட்டு வேலியோரமா எல்டர்பெரி பொதராட்டம் நிக்குது, ஜூலைல அவங்க கழிச்சு விட்டப்ப மூணு குச்சி வாங்கியாந்து வாளியில மண்ணு போட்டு செருகி வச்சேன், ஒண்ணு கறுத்துப் போச்சு, ரெண்டு துளிர்த்துடுச்சு. லண்டன்ல எங்க சித்தி மக அந்தப் பூவுல சர்பத்து போடுவா, பழத்துல இருமலுக்கு சிரப் காய்ச்சுவா, அங்க போயிருந்தப்ப குடிச்ச ஆசைதான். யார்டுல முருங்கை, கருவேப்பிலை, ஒரு லிச்சி போக, தண்ணித் தொட்டி ஓரமா கொஞ்சம் எடம் இருக்கு, மத்தியானத்துக்கு மேல நெழல். எவ்ளோ பெருசா வரும், நம்ம டர்பன் புழுக்கத்த தாங்குமா, எப்ப காய்க்கும்?

மாரிட்ஸ்பர்க் தாத்தா:
அம்மா, நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருந்தப்ப எங்க கொல்லையில ரெண்டு நின்னுச்சு. ஈரம் புடிக்கிற செடி, தொட்டி ஓரம் பொருத்தம்தான். வேர் மேலாப்புலயே ஓடும், அதனால களை எடுக்குறேன்னு மம்பட்டிய ஆழமா போட்டுடாதீங்க, தழைய போட்டு மூடி விட்டா போதும். விட்டா 6 மீட்டர் வரைக்கும் போயிடும். ஐரோப்பா வகை போன வருசம் விட்ட கிளையிலதான் நல்லா பூக்கும், நான் மொத வருசம் வெவரம் தெரியாம மொத்தமா மொட்டை அடிச்சுட்டு அப்புறம் பூவே இல்லாம முழிச்சேன். வயசான தடிச்ச கிளைய மட்டும் அடியோட எடுக்கணும். இன்னொண்ணு, ரெண்டு குச்சியும் ஒரே தாய்ச்செடி, மகரந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், வேற ரகம் ஒண்ணு பக்கத்துல இருந்தாதான் காய் நெறைய புடிக்கும். டர்பன் கடலோரத்துல குளிரே இல்லையே, ஐரோப்பா வகைக்கு அது ஒரு கொறைதான், கனடா வகை சூட்டுக்கு பரவாயில்ல.

முக்கியமா, பச்சையா வாயில வைக்காதீங்க. இலை, தண்டு, காய் எல்லாத்துலயும் சயனைடு கெளப்புற சரக்கு இருக்கு, நம்ம மரவள்ளி மாதிரி. பழுத்தத மட்டும் காம்பெல்லாம் கிள்ளிட்டு நல்லா கொதிக்க வச்சுதான் சிரப்.

வெருலம்காரன்:
தாத்தா, எல்லாம் சரி, ஆனா அது லெஸ்டர். இங்க 2004 நெம்பா, அதாவது நம்ம நாட்டு உயிரினப் பன்மைச் சட்டத்து அந்நியச் செடிப் பட்டியல்ல ஐரோப்பா எல்டரும் கனடா எல்டரும் 1பி. லன்டானா (உண்ணிச்செடி), பக்வீட் மாதிரி பரவுற களையெல்லாம் நிக்கிற அதே வரிசை. 1பின்னா நடக்கூடாது, விக்கக்கூடாது, குச்சி ஒடிச்சு சும்மா குடுக்கவும் கூடாது, ஏற்கனவே நம்ம நிலத்துல இருந்தா நாமதான் அடக்கணும். பழத்த புல்புல் தின்னுட்டு ஓடைக்கரையில போயி எச்சம் போடும், அங்க மொளைக்கறத யாரு புடுங்கறது?

தோட்டக்கிறுக்கி:
அய்யோ. செடி வாங்குற கடையில கேட்டப்பகூட ஒருத்தரும் வாயத் தொறக்கலயே அண்ணா. ஊரெல்லாம் தானா மொளைச்சு நிக்குது, என் வாளியில இருக்கிற ரெண்டு குச்சிக்கா சட்டம்னு மொதல்ல கோவமாத்தான் வந்துச்சு. எங்க ஆயா வேப்பிலை கெடைக்காம மாரியம்மன் கஞ்சிக்கு வேம்பு மாதிரியே இருக்கிற சிரிங்கா மரத்து இலைதான் கட்டுவாங்க, பாத்தா அதுவும் அந்தப் பட்டியல்ல இருக்கு! சரி, இப்ப இந்த ரெண்ட என்ன பண்றது, அந்த எடத்துல வேற என்ன வைக்கலாம்?

முள்ளுவேலி:
அக்கா, வேரோட புடுங்கி சிமெண்டு தரையில போட்டு நல்லா காய விடுங்க, காம்போஸ்ட்ல மட்டும் எறியாதீங்க, பச்சைக் குச்சி அங்கயே வேர் விட்டுடும். சிநேகிதிகிட்டயும் சொல்லிடுங்க.

அந்த எடத்துக்கு நான் சொல்றது அமாதுங்குலு. இந்தக் கடலோரத்துச் சொந்தச் செடி, நம்ம களாக்காய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி. உப்புக் காத்து, காஞ்ச மண்ணு எதுக்கும் அசையாது, என்ன, தொட்டி ஓரத்த விட வெயில் அடிக்கிற பக்கம் வச்சா காய் நல்லா புடிக்கும். வெள்ளையா நட்சத்திரம் மாதிரி பூ, மல்லியாட்டம் வாசம். பழம் செவசெவன்னு சின்ன பிளம் அளவு, ஜாமுக்கும் சிரப்புக்கும் எங்க வீட்டுல இதுதான். ஆனா களாக்காய் நெனப்புல பச்சைக் காய பறிச்சு ஊறுகா போட்டுடாதீங்க, செவந்து மெதுவானதுக்கு அப்புறம்தான் கை வைக்கணும், வெள்ளையா பால் வடியும், பயப்படாதீங்க. வெதையில வந்தா மொதல்ல மெதுவாத்தான் வளரும், வேர்விட்ட செடியா வாங்குனா சீக்கிரம் காய்க்கும்.

தோட்டக்கிறுக்கி:
வாளிய கவுத்துட்டேன். சித்தி மக வேற பாட்டில் மூடி ஒரு டஜன் அனுப்பிட்டா, ஜாமுக்கு ஆகும். வெயில் அடிக்கிற பக்கம்னா அங்கதான் பேரன் பந்து அடிப்பான், முள்ளு ரொம்ப பெருசா தம்பி?

முள்ளுவேலி:
ரெண்டு விரக்கடை இருக்கும், நுனி ரெண்டா பிரிஞ்சிருக்கும். பேரன் ஒரு தடவ பட்டா கத்துக்குவான் அக்கா, பந்துதான் பொழைக்காது.