மாற்று எக்ஸாஸ்ட்: விரைவுச்சாலையில் எழும் ரீங்காரம்

கேள்வி:
வணக்கம். என் சுபாரு பிஆர்ஸெட் காரில் புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள எக்ஸாஸ்ட் (புகைபோக்கி) குழாயையும் சைலன்சரையும் மாற்றியிருக்கிறேன். முடுக்கும்போது எழும் ஒலி மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஆறாம் கியரில் சீராகச் செல்கையில், நிமிடத்துக்கு 2,400 சுழற்சியை ஒட்டி எழும் ரீங்காரம் காதை அடைக்கிறது, பக்கத்தில் அமரும் அம்மாவுக்குத் தலைவலியே வந்துவிடுகிறது. இதற்கு வழியுண்டா?

மறுமொழி 1:
நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை எரிபொருள் எரிவதால், நீங்கள் சொல்லும் வேகத்தில் 80 ஹெர்ட்ஸ் ஒலி பிறந்து, காரின் உட்கூட்டையே அதிர வைக்கிறது. எக்ஸாஸ்ட் குழாயில் முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தால், அதற்குள் சென்று திரும்பும் அலை அந்த ஒலியை மட்டும் அழித்துவிடும். வெப்ப வாயுவில் ஒலி விரைவதால் அக்குழாய்க்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் தேவைப்படும். அடித்தளத்தில் இடம் இருக்கிறதா என்று பட்டறையில் முதலில் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை ஐந்தாம் கியரில் ஓட்டிப் பாருங்கள், சுழற்சி உயர்ந்து ரீங்காரம் விலகும்.

மறுமொழி 2:
இந்த மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. மூன்று ஆண்டு கடந்த கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டு கடந்தவை ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பின் பலமாடி நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கினால் கான்கிரீட் கூரை அந்த ஒலியைப் பலமாக எதிரொலிக்கும். பக்கத்து வீடுகளில் உறங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது; கிளைக்குழாய்க்கு இடம் உண்டா என்று சனிக்கிழமை அளந்துவிட்டு எழுதுகிறேன்.